ஆறு லட்சம் ஜோடிக்குப் பணம், கையில் ஆறாயிரம்: ஸாதே கிக்ஸ் நிகழ்வு ஆய்வு

2021 டிசம்பரில் நைக்கி நிறுவனத்தின் ஏர் ஜோர்டான் 11 'கூல் கிரே' காலணி கடைகளுக்கு வந்தது. விலை 225 டாலர். அது வெளியாவதற்கு முன்பே, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள யூஜீன் நகரில் இயங்கிய ஸாதே கிக்ஸ் என்ற மறுவிற்பனை நிறுவனம் அதே காலணியை 115 முதல் 200 டாலர் வரையிலான விலையில் முன்பதிவுக்கு விற்றுக்கொண்டிருந்தது. முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். அப்படி 6 லட்சத்துக்கும் அதிகமான ஜோடிகளுக்குப் பணம் வந்தது. வசூல் 7 கோடி டாலரைத் தாண்டியது. கிடைத்த ஆவணங்களின்படி அந்த நிறுவனம் உண்மையில் வாங்க முடிந்தது 6,000 ஜோடிக்குச் சற்று அதிகம். நூறு ஜோடிக்குப் பணம் கட்டியிருந்தால், வந்து சேரக்கூடியது ஒரு ஜோடி.

இந்த எண்கள் 2022ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் முன்வைத்த குற்றச்சாட்டில் உள்ளவை. மோசடி, வங்கிகளை ஏமாற்றக் கூட்டுச்சதி, சட்டவிரோதப் பணப் பரிமாற்றம் ஆகியவை நிறுவன உரிமையாளர் மீது சுமத்தப்பட்டன. அவருடைய பெயர் இந்த ஆய்வுக்குத் தேவைப்படாது. ஒரு மனிதரின் பேராசையை அளப்பது என் வேலையும் அன்று. இவ்வளவு பெரிய வாக்குறுதியை, விலைகளைச் சென்ட் கணக்கில் அறிந்து வைத்திருந்த ஒரு கூட்டம் எப்படி நம்பியது என்பதே என் கேள்வி. வாங்கியவர்களில் பலர் தாங்களே மறுவிற்பனையாளர்கள். சந்தையை என்னைவிட நூறு மடங்கு நன்றாக அறிந்தவர்கள். அவர்கள் ஏமாந்ததற்குக் காரணம் அறியாமை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது.

கடை விலைக்கும் சந்தை விலைக்கும் நடுவில்

ஸ்னீக்கர் எனப்படும் விளையாட்டுக் காலணிகளின் மறுவிற்பனைத் தொழில் முழுவதும் ஓர் இடைவெளியில் பிழைக்கிறது. தயாரிப்பாளர் 200 டாலருக்குத் தரும் காலணியை, வாங்கியவர் அன்று மாலையே 500 டாலருக்கு விற்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 300 டாலரைத் தயாரிப்பாளரே எடுத்துக்கொண்டால் என்ன? விலையை உயர்த்தினால் முடிந்தது. ஆனால் உயர்த்துவதில்லை.

இதற்கு ஒரு பகுதி விடையைப் உளவியலாளர் டேனியல் கானமன், பொருளாதார அறிஞர்கள் ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 1986இல் வெளியிட்ட ஆய்வு தருகிறது. பனிப்புயலுக்கு மறுநாள் காலையில், 15 டாலர் மண்வாரியைக் கடைக்காரர் 20 டாலருக்கு விற்றால் அது நியாயமா என்று மக்களிடம் கேட்டார்கள். 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். தட்டுப்பாட்டை வைத்துக் காசு பார்ப்பவரை மக்கள் மறப்பதில்லை. அந்தக் கோபம் தன் பெயர் மேல் விழுவதைப் பெரிய நிறுவனம் எதுவும் விரும்பாது. மறுவிற்பனையாளர் 500 டாலர் கேட்டால் திட்டு அவருக்குப் போகும், புகழ் காலணிக்கு வரும்.

அந்தப் புகழுக்கும் பண மதிப்பு உண்டு. 1985இல் 65 டாலர் விலையில் வந்த ஏர் ஜோர்டான் 1 முதல் ஆண்டிலேயே 12.6 கோடி டாலருக்கு விற்றது. அதற்குப் பிறகு நைக்கி கற்றுக்கொண்ட பாடம், கிடைக்காத காலணி கிடைக்கும் காலணியை விற்றுக்கொடுக்கும் என்பது. 2005 பிப்ரவரியில் நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் தெருவில் ஜெஃப் ஸ்டேபிள் வடிவமைத்த 'பிஜன்' டங்க் காலணி வெறும் 150 ஜோடி மட்டும் தயாரிக்கப்பட்டு வெளியானபோது, குளிரில் நாள்கணக்காகக் காத்திருந்த கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் காவல்துறை வர வேண்டியிருந்தது. செய்தித்தாளின் முதல் பக்கத்தில் அது இடம்பிடித்தது. 150 ஜோடி விற்று வந்த வருமானம் நைக்கிக்கு ஒரு பொருட்டே அன்று. அந்த முதல் பக்கத்துக்கு விளம்பரக் கட்டணம் கட்டியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்!

ஆகவே இடைவெளி வேண்டுமென்றே திறந்து விடப்படுகிறது. அதில் யார் கைவைப்பது என்பதில்தான் போட்டி. முதலில் தெருவில் காத்திருக்கத் துணிந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு குலுக்கல் வந்தது. இணைய விற்பனை வந்ததும், மனிதக் கை தொடும் முன்பே நூற்றுக்கணக்கான ஆர்டர்களைப் போடும் தானியங்கி நிரல்கள் வந்தன. இவை எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு வழி எப்போதும் இருந்தது. தொழிலில் அதைப் பின்வாசல் என்பார்கள். கடை மேலாளரோ கிடங்குப் பொறுப்பாளரோ விநியோகப் பிரதிநிதியோ, பொதுமக்களுக்கு வைக்கும் முன் பெட்டிகளைக் கடை விலைக்குச் சற்று மேலாக மொத்தமாகத் தள்ளிவிடுவார். பின்வாசல் தொடர்பு உள்ளவர் அதைப் பற்றிப் பேசமாட்டார். அவரிடம் வாங்குபவரும் கேட்கமாட்டார். கேட்டால் அடுத்த முறை கிடைக்காது.

இந்த மௌனம்தான் யூஜீன் கதையின் அச்சு என்று நான் நினைக்கிறேன். 2016இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய ஸ்டாக்எக்ஸ் தளம் பங்குச் சந்தையைப் போலவே கேட்பு விலையையும் கொள்முதல் விலையையும் திரையில் போட்டது. ஒவ்வொரு மாதிரிக்கும், ஒவ்வொரு அளவுக்கும் கடைசியாக விற்ற விலை என்ன என்பது பதினாறு வயதுப் பையனுக்கும் தெரிந்தது. 2021 ஏப்ரலில் அந்த நிறுவனத்தின் மதிப்பு 380 கோடி டாலராகக் கணிக்கப்பட்டது. விலை இப்படி வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. சரக்கு எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் இருட்டிலேயே இருந்தது. அசலா போலியா என்று சோதிக்கும் நிபுணர்கள் தையலைப் பார்ப்பார்கள், அச்சைப் பார்ப்பார்கள், பசையை முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். சீனாவின் புட்டியன் நகரத்துப் போலிகளைப் பிடிக்க அது உதவும். அந்தப் பெட்டி எந்த வாசல் வழியே வெளியே வந்தது என்பதை எந்தச் சோதனையும் கேட்பதில்லை.

2021 தொடக்கத்தில் ஒரு சம்பவம் இதை ஊரறியச் செய்தது. நைக்கியின் வட அமெரிக்கப் பிரிவில் உயர் பொறுப்பிலிருந்த ஓர் அதிகாரியின் மகன், பெரிய அளவில் ஸ்னீக்கர் மறுவிற்பனை செய்துவந்தார். தாயின் பெயரிலுள்ள கடன் அட்டையைப் பயன்படுத்திக் காலணிகள் வாங்கியதும் பத்திரிகையில் வெளிவந்தது. 25 ஆண்டுக்கும் மேலாகப் பணியாற்றிய அந்த அதிகாரி மார்ச் மாதத் தொடக்கத்தில் பதவி விலகினார். தகவல் கசிந்ததா, சலுகை தரப்பட்டதா என்பது ஒரு புறம் இருக்கட்டும். மறுவிற்பனையாளர்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு: உள்ளே ஆள் இருப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

யூஜீன்

ஸ்னீக்கர் வரலாற்றில் யூஜீன் சாதாரண ஊர் அன்று. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஓட்டப் பயிற்சியாளர் பில் போவர்மன், தன் மாணவர் ஃபில் நைட்டுடன் சேர்ந்து 1964இல் தொடங்கிய புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ்தான் பின்னாளில் நைக்கி ஆனது. வீட்டு வாஃபிள் அச்சில் ரப்பரை ஊற்றிப் போவர்மன் உருவாக்கிய அடித்தளம் கொண்ட காலணிகள், 1972இல் இதே யூஜீனில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்காகக் கையால் செய்யப்பட்டன. அவற்றில் ஒரு ஜோடி 2019 ஜூலையில் சோதபீஸ் ஏலத்தில் 4,37,500 டாலருக்குப் போனது. நைக்கியின் தலைமையகம் இருக்கும் பீவர்டன் இரண்டு மணி நேரத் தொலைவு. இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவர் 'எனக்குச் சரக்கு வரும்' என்றால், அந்த முகவரியே பாதிச் சான்றாகத் தெரிந்திருக்கும்.

ஸாதே கிக்ஸ் 2013இல் தொடங்கியது. முதலில் எல்லா மறுவிற்பனையாளர்களையும் போல வாங்கி விற்றது. 2020 ஜனவரி வாக்கில் முன்பதிவு விற்பனை தொடங்கியதாகக் குற்றச்சாட்டு கூறுகிறது. அடுத்த சில வாரங்களில் பெருந்தொற்று வந்தது. மக்கள் வீட்டுக்குள் அடைபட்டார்கள். அரசு கொடுத்த உதவித்தொகை கையில் இருந்தது. அந்த வசந்த காலத்தில் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானைப் பற்றிய ஆவணத் தொடர் ஒன்று தொலைக்காட்சியில் ஓடி, அவர் பெயர் தாங்கிய பழைய காலணிகளின் விலையை மேலே தூக்கியது. பள்ளி மாணவர்களிலிருந்து அலுவலக ஊழியர்கள் வரை பலரும் இதைப் பக்கத் தொழிலாக எடுத்துக்கொண்ட காலம் அது. காலணி வாங்கிக் கைமாற்றினால் லாபம் நிச்சயம் என்ற நினைப்பு பரவியிருந்தது. தவறாத நாணயத்துடன் சில்லறையாகப் பிழைத்துவந்த பலருக்கும் பெரிய ஆசை வந்த காலமும் அதுவே.

முன்பதிவின் கணக்கு

முன்பேர வணிகம் தன்னளவில் குற்றமில்லை. விளைச்சலுக்கு முன்பே தானியத்துக்கு விலை பேசுவது உலகெங்கும் பழைய வழக்கம். ஆனால் அங்கே விற்பவருக்கு வயல் இருக்கும், அல்லது வயல் உள்ளவருடன் ஒப்பந்தம் இருக்கும். கையில் இல்லாததைக் கடை விலைக்கும் கீழே விற்பவருக்கு ஒரே நம்பிக்கை, தனக்கு அதைவிட மலிவாகக் கிடைக்கும் என்பது. மொத்த விலைக்குத் தரும் பெரிய பின்வாசல் ஒன்று இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு நிற்கும்.

எண்களை எடுத்து நானே போட்டுப் பார்த்தேன். 7 கோடி டாலரை 6 லட்சம் ஜோடியால் வகுத்தால் ஜோடிக்கு ஏறத்தாழ 117 டாலர் வருகிறது. அறிவித்த விலை 115 முதல் 200 வரை. சராசரியோ அடிமட்டத்தை ஒட்டியே நிற்கிறது. அதாவது மிகப் பெரும்பாலான ஜோடிகள் மிகக் குறைந்த விலையில் போயிருக்கின்றன. இதை நான் முக்கியமான தடயமாகப் பார்க்கிறேன். ஒன்றிரண்டு ஜோடி வாங்கி அணிய நினைத்த ரசிகர்களிடமிருந்து இப்படி ஒரு சராசரி வராது. பத்து, நூறு என்று அள்ளிக்கொள்ளும் மொத்த வியாபாரிகளே இதை இழுத்திருக்க வேண்டும்.

இனி மறுபக்கம். தராமல் விட்ட 5,94,000 ஜோடிகளையும் கடை விலைக்கே வாங்கிக் கொடுப்பதென்றால் 13 கோடியே 36 லட்சம் டாலர் வேண்டும். வசூலோ 7 கோடி. நேர்மையாக நடக்க முடிவு செய்திருந்தாலும் ஜோடிக்கு 108 டாலர் கைநட்டம். அதுவும் அவ்வளவு காலணி சந்தையில் கிடைத்தால்.

கிடைத்திருக்குமா? டிசம்பரில் ஒரு ஜோர்டான் 11 வெளியிடுவது நைக்கியின் நெடுநாள் வழக்கம். 2001இல் முதலில் வந்த கூல் கிரே, 2010இல் ஒரு முறை திரும்ப வந்திருந்தது. இந்த வெளியீடுகளுக்குப் பிஜன் போல 150 ஜோடி கணக்கில்லை. பெரிய எண்ணிக்கையில் வரும். எனவே ஆயிரக்கணக்கில் கிடைக்கும் என்று நம்புவதற்கு இடமிருந்தது. ஆனால் காலம் மோசமாக இருந்தது. நைக்கி காலணிகளில் ஏறத்தாழப் பாதி வியட்நாமில் உருவாகின்றன. 2021 கோடையில் அங்கே தொற்றுக் கட்டுப்பாடுகளால் ஆலைகள் மூடப்பட்டு, பத்து வார உற்பத்தி போய்விட்டதாக நைக்கியே அந்தச் செப்டம்பரில் அறிவித்தது. அதோடு, பல ஆண்டுகளாகவே நைக்கி சிறு கடைகளுக்குச் சரக்கு கொடுப்பதைக் குறைத்து, தன் செயலி வழியாகவும் சொந்தக் கடைகள் வழியாகவும் நேரடியாக விற்கத் தொடங்கியிருந்தது. கடைகள் குறைந்தால் பின்வாசல்களும் குறையும். வரத்து எல்லாப் பக்கமும் சுருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரே ஒரு நபர் ஆறு லட்சம் ஜோடி தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

1920இல் பாஸ்டனில் சார்லஸ் பொன்ஸி, வெளிநாட்டு அஞ்சல் கூப்பன்களை வாங்கி விற்று லாபம் தருவதாகச் சொல்லி மக்களிடம் பணம் திரட்டினார். அவர் சொன்ன அளவுக்கு வியாபாரம் நடக்க 16 கோடி கூப்பன்கள் தேவை, உலகில் புழக்கத்தில் இருந்ததோ சுமார் 27,000 என்று பத்திரிகை கணக்குப் போட்டுக் காட்டியது. அந்தக் கணக்கைப் போட ரகசிய ஆவணம் எதுவும் தேவைப்படவில்லை. யூஜீனிலும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் அஞ்சல் துறையிடம் கூப்பன் எண்ணிக்கையைக் கேட்டுப் பெறலாம். ஒரு மாதிரியில் எத்தனை ஜோடி தயாரிக்கிறோம் என்பதை நைக்கி பொதுவாகச் சொல்வதில்லை. ஒவ்வொரு வியாபாரிக்கும் தன் ஆர்டர் மட்டும்தான் தெரியும். மொத்த ஆர்டரை அறிந்தவர் ஒரே ஒருவர்.

பரிசு அட்டை

காலணி வராதபோது கூச்சல் கிளம்பியிருக்க வேண்டும். நீண்ட காலம் கிளம்பவில்லை. அதற்குக் காரணமான ஏற்பாட்டைத்தான் இந்த வழக்கில் நான் மிகக் கவனமாகப் படித்தேன்.

சரக்கு இல்லாத இடத்தில் நிறுவனம் இரண்டு வழிகளில் சமாளித்ததாக அரசுத் தரப்பு கூறுகிறது. ஒன்று, பணத்தில் ஒரு பகுதியும் நிறுவனத்தின் சொந்தப் பரிசு அட்டையில் ஒரு பகுதியுமாகத் திருப்பித் தருவது. இரண்டு, வாடிக்கையாளர் கட்டியதைவிட அதிக விலை கொடுத்து அந்த முன்பதிவையே திரும்ப வாங்கிக்கொள்வது. அதற்கும் பணமும் அட்டையும் கலந்தே வரும்.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்க்கலாம்; எண்கள் என் கற்பனை. ஒரு வியாபாரி 115 டாலர் வீதம் 100 ஜோடிக்கு 11,500 டாலர் கட்டுகிறார். சில மாதங்கள் கழித்து நிறுவனம் ஜோடிக்கு 160 டாலர் தந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது. மொத்தம் 16,000, அதில் 8,000 பணம், 8,000 அட்டை. வியாபாரியின் கணக்கில் 4,500 டாலர் லாபம். பெட்டியைத் தூக்கவில்லை, தளத்துக்குக் கட்டணம் கட்டவில்லை, பார்சல் அனுப்பவில்லை. அவர் ஏன் புகார் செய்யப்போகிறார்? நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்படுவார். நிறுவனத்தின் பக்கமோ 11,500 வந்தது, 8,000 போனது, 3,500 ரொக்கம் கையில் மிஞ்சியது. மீதி 8,000 அட்டையாக வெளியே சுற்றுகிறது. அதை வேறெங்கும் செலவழிக்க முடியாது. இன்னொரு முன்பதிவாகத் திரும்பி வர வேண்டியதுதான்.

அந்த நிறுவனம் தனக்கென ஒரு நாணயத்தை அடித்து வெளியிட்டிருந்தது என்றே சொல்வேன். கையில் பணம் குறைவாக இருக்கும் வாரத்தில் அட்டையின் பங்கைக் கூட்டினால் போதும், பணப்புழக்கம் சரியாகிவிடும். பணத்துக்கும் அட்டைக்கும் இடையிலான விகிதத்தை மாற்றுவதே அதன் கட்டுப்பாட்டுக் கருவி என்று குற்றச்சாட்டும் குறிப்பிடுகிறது. வாடிக்கையாளரின் பேரேட்டில் லாபம் ஏறிக்கொண்டே போனது. அந்த லாபத்தின் பெரும்பகுதி, தராத காலணிக்குப் பதிலாகத் தந்த, தரப்போகாத காலணிக்கான சீட்டு.

இதில் காலணி எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்கியவர், விற்றவர், திரும்ப விற்றவர் என யாருடைய கையிலும் அது இல்லை. ஜோர்டான் 11இன் பளபளக்கும் தோலும், வயதானால் மஞ்சளாகும் அதன் கண்ணாடி நிற அடிப்பாகமும், அதை அணிந்து ஜோர்டான் ஆடிய ஆட்டங்களின் நினைவும் மக்களை இந்தக் காலணியிடம் கொண்டுவந்தன. கூடைப்பந்துத் திடல்களிலும் நியூயார்க்கின் ஹிப்ஹாப் தெருக்களிலும் கறுப்பின இளைஞர்கள் கட்டி எழுப்பிய ஒரு ரசனை இது. தன் காலணியைப் பல் துலக்கும் தூரிகையால் துடைத்துக் காத்தவர்கள் அவர்கள். யூஜீன் முன்பதிவில் அந்த ரசனைக்கு வேலையே இல்லை. கூல் கிரே என்ற சொல்லுக்குப் பதிலாக வேறெந்த இரண்டு சொற்களைப் போட்டிருந்தாலும் கணக்கு அப்படியே நடந்திருக்கும். எனக்கு மிக வருத்தமாக இருப்பது இதுவே.

ஏன் யாரும் கேட்கவில்லை

சிலருக்குச் சந்தேகம் வந்தே இருக்கும். ஆனால் சந்தேகப்படுபவர் என்ன கேட்க முடியும்? 'உங்களுக்கு எங்கிருந்து வருகிறது?' என்பது இந்தத் தொழிலில் அவமரியாதையான கேள்வி. பின்வாசலைக் காப்பாற்றுவதற்காக வளர்ந்த மரியாதை அது. உண்மையான பின்வாசல் வைத்திருப்பவரும், ஒன்றுமே இல்லாதவரும் ஒரே மாதிரிதான் பதில் சொல்வார்கள்: சொல்ல முடியாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு மௌனத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. சொல்லக் கசப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டும். 225 டாலர் காலணி வெளியாகும் முன்பே 115 டாலருக்குக் கிடைக்கிறது என்றால், யாரோ ஒருவர் தன் முதலாளிக்குத் துரோகம் செய்து சரக்கை வெளியே கடத்துகிறார் என்றே வாங்கியவர்களில் பலர் ஊகித்திருப்பார்கள். ஏமாற்றப்படுவது வேறு யாரோ என்ற நிம்மதியில்தான் பணம் கட்டப்பட்டது. இதைச் சொல்வதால் பாதிக்கப்பட்டவர்களின் இழப்பு குறைந்துவிடாது. அவர்களில் இளைஞர்கள் பலர், சேமிப்பை முழுதாக இழந்தவர்களும் உண்டு. ஆனால் மலிவான விலைக்கு என்ன விளக்கம் என்று கேட்காதபடி எது தடுத்தது என்பதை மறைத்து எழுதினால் இந்த ஆய்வுக்குப் பயனில்லை.

சரிவு

2022 ஏப்ரலில் தராத காலணிகளுக்காக மட்டும் நிறுவனம் 6 கோடி டாலருக்கு மேல் பாக்கி வைத்திருந்தது. பயன்படுத்தப்படாத பரிசு அட்டைகளின் மதிப்பு தனி. போலியாகத் திருத்திய வங்கி அறிக்கைகளைக் காட்டிப் பல நிதி நிறுவனங்களிடம் 1.5 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கியதாகவும் குற்றச்சாட்டு கூறுகிறது. இதில் நிறுவனத்தின் நிதிப் பொறுப்பை வகித்த, உரிமையாளரின் துணைவியும் சேர்க்கப்பட்டார். வசூலான பணம் கைக்கடிகாரங்களாகவும் சொகுசுக் கார்களாகவும் நூற்றுக்கணக்கான கைப்பைகளாகவும் மாறியிருந்தது. மே மாதம் உரிமையாளரே மாநில நீதிமன்றத்தை அணுகி நிறுவனத்தைக் கலைக்கக் கோரினார். நீதிமன்றம் நிர்வாகி ஒருவரை நியமித்தது. கடிகாரங்களையும் கார்களையும் விற்றுக் கிடைத்ததில் ஏறத்தாழ 64 லட்சம் டாலரை அரசு கைப்பற்றியது.

கிடங்கில் சுமார் 60,000 ஜோடி காலணிகள் இருந்தன. பாக்கியோடு ஒப்பிட்டால் சிறிது. ஆனால் விற்று முடிக்க அதுவே பெரும்பாடு. ஸ்னீக்கர் தங்கம் போலப் பூட்டி வைக்கக்கூடிய சொத்து அன்று. பசை காய்கிறது. பாலியூரித்தேன் நுரை கொண்ட மாதிரிகள் காற்றின் ஈரத்தைக் குடித்து, பெட்டியை விட்டு வெளியே வராமலே சில ஆண்டுகளில் உதிர்ந்துபோகும். ஒரேயடியாகச் சந்தையில் கொட்டினால் விலை விழும். மெல்ல விற்றால் வாடகை தின்னும்.

விலை ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்தது. 2021இல் 100 டாலருக்கு வந்து இரு மடங்குக்கு மேல் கைமாறிய கறுப்பு வெள்ளை 'பாண்டா' டங்க் காலணியை நைக்கி அடுத்தடுத்த மாதங்களில் திரும்பத் திரும்ப வெளியிட்டது. தெருவில் மூன்றாவது ஆளின் காலில் எல்லாம் அது தெரிந்தது. இடைவெளி மூடிக்கொண்டது. தயாரிப்பாளர் குழாயைத் திறந்தால் மறுவிற்பனையாளரின் லாபம் சில வாரங்களில் கரைந்துவிடும். அந்தக் குழாய் ஒருபோதும் மறுவிற்பனையாளரின் கையில் இருந்ததில்லை. யூஜீனில் முன்பதிவுகள் உடையாமல் இன்னும் ஓராண்டு நீடித்திருந்தால், கட்டிய விலைக்கும் கீழே சந்தை வந்து, அந்தப் பொய்யின் ஒரு பகுதி தற்செயலாக உண்மையாகியிருக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. அவ்வளவு நாள் தாங்க அட்டைகளுக்கு வலுவில்லை.

2022 டிசம்பரில் வழக்கம்போல ஒரு ஜோர்டான் 11 வந்தது. வெள்ளைத் துணி, செர்ரிச் சிவப்புத் தோல், விலை அதே 225 டாலர். யூஜீனில் நிர்வாகியின் ஆட்கள் அப்போது, யாருக்கு எத்தனை ஜோடி பாக்கி, அதில் எவ்வளவு பணம், எவ்வளவு அட்டை என்று பிரிக்கும் வேலையில் இருந்தார்கள்.